ரத்தச் சர்க்கரைக்கு அளவுகோல் தந்த லேலண்ட் கிளார்க்

சென்னைக்கு மேற்கே, பாடியைத் தாண்டி அம்பத்தூர் போகும் வழியில் இருக்கிறது மண்ணூர்பேட்டை. அதை ஒட்டினாற்போல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. லேத்துப் பட்டறைகளும் அச்சு வார்க்கும் பட்டறைகளும் நிறைந்த பகுதி. காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கவனித்தால், யாராவது ஒருவருடைய மேல் கையில் வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்.

அது பிளாஸ்திரி அல்ல. சர்க்கரை வியாதிக்காரரின் உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று இரவும் பகலும் அளந்து, செல்போனுக்குச் சொல்லும் கருவி. சென்சார் என்று பெயர். விலை சில ஆயிரம் ரூபாய். ஆயுள் ஏறக்குறைய இரண்டு வாரம்.

அந்தக் கருவி காட்டும் எண்ணை நம்பலாமா?

அதை ஒட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. உண்மையில் உள்ளதைவிடக் கருவி அதிகமாகக் காட்டினால், இன்சுலின் ஊசியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள நேரும். சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், நினைவு தப்பும். உயிருக்கே ஆபத்து வரலாம். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டினால், வேண்டாத இனிப்பைச் சாப்பிட நேரும். போட வேண்டிய ஊசியைப் போடாமல் விட நேரும். ஆக, அந்த எண் வெறும் எண் அல்ல. மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்.

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை மின்சாரத்தைக் கொண்டு அளக்கலாம் என்று உலகத்துக்கு வழிகாட்டியவர் அவர். பெயர் லேலண்ட் கிளார்க். அமெரிக்க விஞ்ஞானி. அவர் காலமாகி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் காட்டிய வழி இன்றும் கோடிக்கணக்கான மக்களின் விரல் நுனியிலும் மேல் கையிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நீல மருந்தும் ஸ்பிரிட் விளக்கும்

கிளார்க்குக்கு முந்திய காலத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பட்ட பாட்டை முதலில் பார்ப்போம்.

1921-ல் கனடா நாட்டின் டொரண்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலின் ஆராய்ச்சியில் வெற்றி கண்டார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அதுவரை சாவு நிச்சயம் என்று கைவிடப்பட்ட குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். மருந்து வந்துவிட்டது. ஆனால், இந்த வேளைக்கு எவ்வளவு மருந்து? அதைச் சொல்லும் அளவுகோல் நோயாளியின் கைக்கு வரவில்லை.

சென்னையில் 1948-ம் ஆண்டில் டாக்டர் எம். விசுவநாதன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தினார். அந்த நாளில் நோயாளி வீட்டில் சோதித்துப் பார்க்க உதவியவை மூன்றே சாமான்கள்: ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நீல மருந்து. அமெரிக்க ரசாயன நிபுணர் ஸ்டான்லி பெனடிக்ட் கண்டுபிடித்த மருந்து அது.

குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீரை அதில் விட்டுக் காய்ச்சுவார்கள். நிறம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சளானால் அதிகம். செங்கல் நிறமானால் மிக அதிகம்.

இதில் பெரிய குறை உண்டு. ரத்தச் சர்க்கரையை, 100 மில்லி ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கு சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்திய நிலவரம். எல்லாவற்றையும்விட மோசம், சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் நீல மருந்துக்கு அது தெரியவே தெரியாது. ரத்தத்தில் 100 இருந்தாலும் நீலம்தான். 40 இருந்தாலும் நீலம்தான்!

ரத்தத்தையே சோதிக்க வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். முடிவு வருவதற்குள் வேளை கடந்துவிடும்.

இந்த நிலையை மாற்றப்போகும் கிளார்க், சர்க்கரை வியாதி டாக்டர் அல்ல. அவர் கவனம் அப்போது வேறொன்றின்மீது இருந்தது. அதன் பெயர் பிராணவாயு.

படிப்பும் வேலையும்

லேலண்ட் கிளார்க் 1918 டிசம்பர் 4-ம் தேதி நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரத்தில் பிறந்தார். காமிராவுக்கும் பிலிமுக்கும் பேர்போன ஊர் அது.

ஒஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே உள்ள அந்தியோக் கல்லூரியில் கிளார்க் ரசாயனம் படித்தார். அந்தக் கல்லூரியில் ஒரு விசேஷம் உண்டு. மாணவர்கள் சில மாதம் வகுப்பில் படிப்பார்கள். சில மாதம் வெளியே போய் எங்காவது வேலை செய்வார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் பட்டம். 1941-ல் அங்கே பட்டம் பெற்ற கிளார்க், சொந்த ஊரான ராசெஸ்டருக்குத் திரும்பி, 1944-ல் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். உடனே எல்லோ ஸ்பிரிங்ஸுக்கே வந்து, பெல்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் வைத்திய உலகத்தின் பெரிய கனவு, இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்வது. இருதயத்தை நிறுத்தினால்தான் கத்தி வைக்க முடியும். நிறுத்தினால் உடம்புக்கு ரத்தம் போகாது. ஆகவே, ஆபரேஷன் முடியும்வரை ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயுவைச் சேர்த்து, மறுபடியும் உடம்புக்குள் செலுத்த ஒரு யந்திரம் வேண்டும்.

கிளார்க் அந்த வேலையில் இறங்கினார். ரத்தத்துக்குள் பிராணவாயுவைக் குமிழி குமிழியாக விடும் முறையை அவர் கையாண்டார். குமிழி விட்டால் நுரை வரும். நுரையோடு ரத்தம் உடம்புக்குள் போனால் ஆள் பிழைக்க மாட்டான். நுரையை அடக்க, சிலிகோன் தடவிய பரப்பின்மேல் ரத்தத்தை ஓடவிட்டார். நுரை அடங்கியது. 1950-ல் அமெரிக்காவின் ஸயன்ஸ் பத்திரிகையில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதில் கிளார்க், கோலன், குப்தா என்று மூன்று பெயர்கள் இருந்தன.

திருப்பி அனுப்பிய கட்டுரை

அந்த யந்திரத்தைப் பற்றி கிளார்க் எழுதிய இன்னொரு கட்டுரையை ஒரு விஞ்ஞானப் பத்திரிகை ஏற்க மறுத்துவிட்டது. யந்திரத்திலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் பிராணவாயு எந்த அளவில் இருக்கிறது என்று அளந்து சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

கறுத்துப்போன ரத்தம் உள்ளே போகிறது. செக்கச்செவேலென்று வெளியே வருகிறது. கண் இருப்பவர் யாருக்கும் தெரியும், பிராணவாயு சேர்ந்துவிட்டது என்று. ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு, அளவு வேறு. பத்திரிகை கேட்டது அளவை. அளவு சொல்ல வசதியான கருவி அப்போது கிடையாது.

வேறொருவராக இருந்தால் கட்டுரையை இன்னொரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். கிளார்க், அளக்கும் கருவியைத் தாமே செய்யப் புறப்பட்டார். அவருடைய வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

பிளாட்டினக் கம்பியில் சிறிது மின்சாரம் பாய்ச்சினால், பக்கத்தில் உள்ள பிராணவாயுவுக்குத் தக்கபடி மின்னோட்டம் கூடும், குறையும். இது முன்னமே தெரிந்த விஷயம். ஆனால் கம்பியை ரத்தத்துக்குள் வைத்தால், ரத்தத்தில் உள்ள புரதம் அதன்மேல் படிந்துவிடும். நேரம் ஆக ஆக எண் மாறும். அப்படிப்பட்ட கருவியை யார் நம்புவார்கள்?

கிளார்க் கம்பியைச் செலோபேன் தாளால் மூடிப் பார்த்தார். ஓரளவு பலன் தெரிந்தது, போதவில்லை. 1954 அக்டோபரில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மின்சுற்றுக்கு வேண்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரே தாளுக்குப் பின்னால் வைத்துவிட்டால் என்ன? தாளும் செலோபேன் வேண்டாம். பை செய்யப் பயன்படும் பாலிதீன் போதும். பாலிதீன் வழியே ரத்தம் போகாது, உப்பு போகாது, புரதம் போகாது. பிராணவாயு மட்டும் கசிந்து உள்ளே போகும். முனைகள் ரத்தத்தையே தொடாமல் பிராணவாயுவை அளக்கும்!

யோசனை பலித்தது. 1956-ல் அவர் இதை வெளியிட்டார். கிளார்க் மின்முனை என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. ஆபரேஷன் மேஜையில் கிடக்கும் நோயாளியின் ரத்தத்தை அளக்கவும், பிறந்த குழந்தைக்கு மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், ஆற்று நீரில் மீன் பிழைக்கப் போதிய பிராணவாயு உண்டா என்று தெரிந்துகொள்ளவும் அது உதவியது.

சுங்கச் சாவடி

1958-ல் கிளார்க் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரத்துக்குப் போனார். அங்கே மருத்துவக் கல்லூரியில் சாம்ப் லயன்ஸ் என்ற ஆபரேஷன் நிபுணரோடு சேர்ந்து வேலை செய்தார். இருவரும் 1962-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருதய ஆபரேஷன் நடக்கும்போது ரத்தத்தின் நிலையை இடைவிடாமல் கண்காணிப்பது எப்படி என்பது விஷயம். அந்தக் கட்டுரையில்தான் சர்க்கரையை அளக்கும் வழியும் இருந்தது.

வழி இதுதான். வெங்காயத்தின்மேல் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்துப் பூஞ்சையிலிருந்து குளுகோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் கிடைக்கிறது. அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. குளுகோஸ் சர்க்கரையைக் கண்டால் விடாது. பக்கத்தில் உள்ள பிராணவாயுவை எடுத்து அதோடு சேர்த்து, அதை வேறு பொருளாக மாற்றிவிடும். வேறு எதையும் அவ்வளவாகச் சீண்டாது.

கிளார்க் தம்முடைய பிராணவாயு மின்முனைக்கு முன்னால் இந்த என்சைமைக் காவல் வைத்தார். சுங்கச் சாவடி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்குள் வரும் ஒவ்வொரு சர்க்கரையும் ஒரு பங்கு பிராணவாயுவைச் சுங்கமாகச் செலவழித்துவிட்டுத்தான் போக வேண்டும். நிறையச் சர்க்கரை வந்தால் நிறையப் பிராணவாயு செலவாகும். மிச்சம் எவ்வளவு என்பதை மின்முனை சொல்லும். அதிலிருந்து சர்க்கரை எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

உயிருள்ள பொருளிலிருந்து கிடைத்த ஒன்றை மின்கருவியோடு இணைத்து அளக்கும் சாதனங்களை இன்று பயோசென்சார் என்கிறார்கள். அந்த வம்சத்துக்கு மூலபுருஷர் என்று கிளார்க்கைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்தக் கருவியிலும் ஓட்டை இருந்தது. ரத்தத்தில் பிராணவாயுவே முன்பின்னாக இருந்தால்? சர்க்கரை தின்றதா, முதலிலேயே குறைவாக இருந்ததா என்று எப்படித் தெரியும்? 1967-ல் அப்டைக், ஹிக்ஸ் என்ற இருவர், இரண்டு மின்முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் மட்டும் வேலை செய்யும் என்சைமை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள்.

கிளார்க் வேறு வழியிலும் போனார். சாவடியில் சர்க்கரையும் பிராணவாயுவும் கூடும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற பொருள் உண்டாகிறது. மிச்சத்தை எண்ணுவதற்குப் பதில் இதை எண்ணினார். ரத்தத்தில் உள்ள வேறு பொருள்களும் மின்னோட்டத்தை உண்டாக்கிக் கணக்கைக் கெடுக்குமே! அதற்காக என்சைம் இல்லாத இன்னொரு மின்முனையை வைத்து, அது காட்டும் கள்ளக் கணக்கைக் கழித்தார். இந்த முறைக்கு 1970-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு கருவியைச் செய்வதோடு நிற்காமல், அது எங்கே தவறும் என்று தேடுவதும் அவருடைய வேலையாக இருந்தது.

நீருக்குள் மூச்சுவிட்ட எலி

1966-ல் கிளார்க்கின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது. அதற்குக் காரணம் சர்க்கரை அல்ல, ஒரு எலி!

புளோரோகார்பன் என்ற ஒருவகைத் திரவம் பிராணவாயுவை ஏராளமாகத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். கிளார்க்கும் கோலனும் அந்தத் திரவத்தில் பிராணவாயுவை நிரப்பி, ஓர் எலியை அதில் முழுக அமிழ்த்தினார்கள். எலி சாகவில்லை. திரவத்தையே உள்ளுக்கிழுத்து மூச்சுவிட்டு, உயிரோடு வெளியே வந்தது. ரத்தத்துக்குப் பதிலாகப் பயன்படும் செயற்கைத் திரவம் ஒன்றைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையில் கிளார்க் பல ஆண்டு உழைத்தார். 1968-ல் சின்சினாட்டி நகரத்தின் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், 1991 வரை அங்கேயே இருந்தார்.

செயற்கை ரத்தம் அவர் எண்ணிய அளவுக்குப் பரவவில்லை. ஆனால் சர்க்கரைக் கருவி அவரையும் மிஞ்சி வளர்ந்தது.

அளவுகோலுக்கு அளவுகோல்

எல்லோ ஸ்பிரிங்ஸில் அந்தியோக் கல்லூரி மாணவர்கள் சிலர் 1948-ல் ஒரு கருவிக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். எல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் என்று பெயர். சுருக்கமாக ஒய்.எஸ்.ஐ. கிளார்க்கின் முறையைக் கொண்டு அந்தக் கம்பெனி 1975-ல் ரத்தச் சர்க்கரை அளக்கும் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய மேஜை யந்திரம். விலையும் அதிகம். நோயாளி வீட்டில் வைத்துக்கொள்ளும் சாமான் அல்ல.

ஆனால் அது வேறொரு பெரிய பதவிக்கு உயர்ந்தது. அது என்ன பதவி என்பதை மண்ணூர்பேட்டைப் பட்டறைக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

லேத்தில் ஒரு சாமானைக் கடைந்து எடுத்தால் டர்னர் மைக்ரோமீட்டரால் அளக்கிறார். மைக்ரோமீட்டர் சொல்வது சரிதானா என்று யார் சொல்வது? அதைச் சரிபார்க்க ஸ்லிப் கேஜ் இருக்கிறது. அந்த கேஜ் சரிதானா என்று பார்க்க, அதைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிச் சான்று வாங்குகிறார்கள். இப்படி ஒவ்வொரு அளவுகோலுக்கும் மேலே இன்னொரு நல்ல அளவுகோல் நிற்கிறது. மேலே உள்ளதோடு ஒப்பிடாத அளவுகோலைக் கொண்டு செய்த சாமானைப் பெரிய கம்பெனி வாங்காது.

ரத்தச் சர்க்கரை உலகத்தில் அப்படி மேலே நின்றது ஒய்.எஸ்.ஐ. யந்திரம். கையில் ஒட்டும் சென்சார்களைச் செய்த கம்பெனிகள், தங்கள் கருவி எவ்வளவு சரி என்று காட்டப் பல ஆண்டுகளாக அந்த யந்திரத்தின் கணக்கோடுதான் ஒப்பிட்டுக் காட்டின. நோயாளியின் கையில் சென்சார் ஒட்டியிருக்கும். சற்று நேரத்துக்கு ஒருமுறை அவர் ரத்தத்தை எடுத்து யந்திரத்தில் சோதிப்பார்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே போவார்கள். சோதிக்கப்படும் கருவியும் கிளார்க்கின் வாரிசு. சோதிக்கும் கருவியும் கிளார்க்கின் வாரிசு!

விரல் நுனியிலிருந்து மேல் கைக்கு

1960-களின் நடுவில் ஒரு சொட்டு ரத்தத்தில் நிறம் மாறும் பட்டைத் தாள் வந்தது. 1970-ல் அந்த நிறத்தைப் படிக்கும் மீட்டர் வந்தது. 1987-ல் பேனா அளவே உள்ள மின்முனை மீட்டர் வந்தது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் குளுகோமீட்டர்கள் பெரும்பாலும் இந்த மின்முனை வழியில் வந்தவை.

1962-ல் கிளார்க் சொன்ன இடைவிடாத கண்காணிப்பு நோயாளியின் உடம்பில் நடைமுறைக்கு வர முப்பத்தேழு ஆண்டு பிடித்தது. 1999-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதல் கருவிக்கு அனுமதி தந்தது. மூன்று நாள் அணிந்த பிறகு டாக்டர்தான் கணக்கைப் பார்க்க முடியும். நோயாளிக்குத் தெரியாது. 2014-ல் இரண்டு வாரம் அணியும் வில்லை ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 2016 டிசம்பரில், விரலைக் குத்தாமல் சென்சாரின் எண்ணை வைத்தே இன்சுலின் அளவைத் தீர்மானிக்க, ஒரு கருவிக்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்தது.

எவ்வளவு நம்பலாம்?

நல்ல சென்சார்கள் இன்று சராசரியாக நூற்றுக்கு எட்டு முதல் பத்து வரை முன்பின்னாகக் காட்டுகின்றன. ரத்தத்தில் 200 இருந்தால் 180 என்றோ 220 என்றோ காட்டுவது சகஜம். ஆரம்ப காலக் கருவிகளின் பிசகு இதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. இது சராசரிதான் என்பதை மறக்கக் கூடாது. சில வேளை இதற்கு மேலும் பிசகும். விரலைக் குத்திப் பார்க்கும் மீட்டருக்கும் விதி இப்படித்தான்: சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது, நூறு சோதனையில் 95 சோதனையாவது நூற்றுக்குப் பதினைந்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டின் சர்வதேச அளவு விதி.

சென்சார் பிசகும் இடங்கள் எவை?

முதலாவது, அது ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியோ இறங்கியோ ஐந்து முதல் பத்து நிமிஷம் கழித்துத்தான் அந்த நீரில் தெரியும். சாப்பிட்டவுடனும், வேகமாக நடக்கும்போதும், சர்க்கரை மளமளவென்று இறங்கும்போதும் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. அப்போது கருவியைக் குற்றம் சொல்வதற்கில்லை.

இரண்டாவது, ஒட்டிய முதல் நாள். ஊசி நுழைந்த இடம் ஆறும் வரை எண் நிலைகொள்ளாது.

மூன்றாவது, தூக்கம். சென்சார் ஒட்டிய கையின்மேல் அழுத்திப் படுத்தால் அந்த இடத்தில் ஓட்டம் தடைப்படும். சர்க்கரை இறங்கிவிட்டதென்று நடுராத்திரியில் பொய் மணி அடிக்கும்.

நான்காவது, மருந்துகள். காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாரசிட்டமால் சிலவகை சென்சார்களிலும், அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை வேறு சிலவகைகளிலும் உள்ளதைவிட அதிகமான எண்ணைக் காட்டச் செய்யும். கிளார்க் இரண்டாவது மின்முனையை வைத்துக் கழித்தாரே, அதே கள்ளக் கணக்கு! எந்த மருந்து தன் கருவிக்கு ஆகாது என்பது பெட்டியில் உள்ள காகிதத்தில் அச்சிட்டிருக்கும். ஒட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம். கருவி ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், விரல் நுனி ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வியர்த்து, நடுங்கி, கண் இருண்டு வரும்போது கருவி 120 என்று காட்டினாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் சர்க்கரையோ குளுகோஸோ முதலில் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதேபோல, எதிர்பாராமல் பெரிய எண் வந்தால், கூடுதல் ஊசி போடுமுன் விரலைக் குத்தி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே எண்ணைப் பார்த்துப் பதறாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைப் பார்ப்பதுதான் சென்சாரின் முழுப் பயன்.

ஊசியே வேண்டாம், கைக்கடிகாரமும் மோதிரமும் சர்க்கரையைச் சொல்லும் என்று விளம்பரங்கள் வருகின்றன. தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்றும், அப்படி எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்றும் 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நல்ல அளவுகோலோடு ஒப்பிட்டுக் காட்டாத கருவியின் எண், குருட்டு எண்.

கடைசி ஆண்டு

2005-ம் ஆண்டில் அமெரிக்காவின் ரஸ் பரிசு கிளார்க்குக்குக் கிடைத்தது. பொறியியல் துறையின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்று. ஐந்து லட்சம் டாலர். சவ்வுத் தாள் போர்த்திய அந்த மின்முனைக்காகவும் அதிலிருந்து பிறந்த சர்க்கரைக் கருவிக்காகவும் தரப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 25-ம் தேதி, தமது 86-வது வயதில், சின்சினாட்டியில் அவர் காலமானார்.

இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில ஆயிரம் ரூபாய் செலவழித்துச் சென்சார் ஒட்டிக்கொள்ள எல்லோராலும் ஆகாது. ஆகாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பெண் ஊழியர், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சிறிய மீட்டரில் வைக்கிறார். சில விநாடியில் எண் வருகிறது. அளவு சொல்லவில்லை என்று கட்டுரை திரும்பி வந்த நாளில் கிளார்க் தொடங்கிய வேலை, அந்தச் சொட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது.